வலைப் புல்வெளி

லூர்த்தம்மாவை அந்தப் பூங்காவுக்குள் போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மீன் கிடந்த ஓலைக் கடகத்தை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றுதான் சொன்னார்கள். கடகத்தை வாசலில் இறக்கி வைத்துவிட்டுத் தாராளமாகப் போகலாம் என்றான் காவலாளி. நாயும் காகமும் திரிகிற பட்டணத்துத் தெருவில் விற்காத மீனை யார் வைத்துவிட்டுப் போவார்கள்? மகளை மட்டும் ஊஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, கடகத்தைத் தலையிலிருந்து இறக்காமலே கம்பி வேலிக்கு வெளியில் நின்றாள்.

ஜெசிதாவுக்கு அப்போது பால்பல் விழுகிற வயது. பக்கத்து ஊஞ்சலில் வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஒரு பிள்ளை, மூக்கைச் சுளித்துக்கொண்டு என்ன மணம் இது என்று தன் தாயைக் கேட்டது. ஜெசிதா ஆடின ஊஞ்சலில் இருந்து குதித்து வேலியடிக்கு ஓடி வந்தாள்.

"அம்மா, கொஞ்சம் அங்காலை தள்ளி நில்லுங்கோவன்."

லூர்த்தம்மா தள்ளி நின்றாள். அந்தப் பூங்காவின் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, பிள்ளைகளே. இன்றைக்கு அந்த வாசலில் நிற்பவர்கள் வேறு ஆட்கள். லூர்த்தம்மாவும் அதை ஒரு குறையாக ஒருநாளும் சொன்னதில்லை. குருநகர்க் கரையில் எங்களோடு இருந்து சூடை மீன் பிரித்துக்கொண்டிருக்கும்போது பகிடியாகத்தான் சொல்வாள், என்ரை மோள் அப்பவே பெரிய இடத்துப் பிள்ளை என்று. நாங்களும் சிரிப்போம்.

அந்த மோள்தான் பல்கலைக்கழகத்தில் சித்திரம் படித்து, கொழும்பில் சில காலம் இருந்து, போன வருடம் சோளகக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிற காலத்தில் வீட்டுக்கு வந்தாள். கரையில் கூரை பறந்துபோய்ச் சுவர் மட்டும் நிற்கிற பழைய ஐஸ்வாடி இருக்கிறதே, முன்பு மீனுக்கு ஐஸ் அடித்துப் பெட்டி கட்டின இடம், அதற்குள் ஒரு பூங்கா செய்யப் போகிறேன் என்றாள். தகப்பன் பிலிப்பு கடலால் வந்து, உடம்பில் உப்புக் காயாமல் புட்டும் பாரைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பூங்காவை வைக்கிறதெல்லே பிள்ளை. செய்யிறதோ?"

"செய்யிறதுதான் அப்பா. உண்மையான பூங்கா இல்லை. பூங்கா எண்டால் என்ன எண்டு ஆக்களை யோசிக்க வைக்கிற ஒரு வேலை."

"மரம் நிக்குமோ?"

"இல்லை."

"புல்லு?"

"புல்லு இருக்கும். ஆனா அது புல்லில்லை."

பிலிப்பு குழம்பில் விரலை வைத்தபடி மனைவியைப் பார்த்தார். "கேட்டியோ லூர்து. மரமில்லாமல் புல்லில்லாமல் பூங்கா வருகுதாம். இனி உன்ரை குழம்பிலை உப்பில்லை எண்டு நான் வாய் திறக்கேலாது."

ஜெசிதாவும் சிரித்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து தாய்க்குப் பக்கத்தில் குந்தி விளங்கப்படுத்தினாள். பட்டணங்களில் புகையும் நெரிசலும் கூடின காலத்தில், பணக்காரனும் கூலிக்காரனும் ஒரே காற்றைச் சுவாசிக்கட்டும், ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டுத்தான் பூங்காக்களைத் திறந்தார்களாம். அந்த ஆசை பெரிய ஆசை அம்மா, என்றாள். ஆனால் வாசல் என்று ஒன்றைப் போட்டவுடன் காவலாளி வந்துவிடுகிறான், பலகை வந்துவிடுகிறது. நான் ஒருவரையும் நிற்பாட்டாத ஒரு பூங்காவைச் செய்து காட்டப் போகிறேன் என்றாள். சொல்லும்போது அவள் கண் நிறைந்திருந்தது. லூர்த்தம்மாவுக்கு அந்த ஒரே வாங்கு மட்டும் நன்றாக விளங்கியது. அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

பிறகுதான் வலை கேட்டாள். பச்சை நைலோன் வலை; எவ்வளவு கிடைத்தாலும் நல்லது; கடலில் பட்டு நிறம் வெளுத்ததென்றால் இன்னும் வடிவு.

வலை கேட்பது நாங்கள் குடியிருக்கிற ஒழுங்கையில் சின்னக் காரியம் இல்லை. புது வலையை முதன்முதல் கடலுக்குக் கொண்டுபோகு முன் பங்குச் சுவாமி வந்து செபம் சொல்லி, மந்திரித்த தண்ணீர் தெளிப்பார். அதற்குப் பிறகு அதில் ஒருவரும் கால் வைப்பதில்லை. கரையில் கிழிசல் பொத்துவதற்கு விரிக்கும்போதும் ஆண்கள் விளிம்பில் காலை மடக்கிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆள் நடக்கிற முற்றத்தில் இறக்குவதென்றால் கீழே சாக்குப் போடாமல் இறக்க மாட்டார்கள். விளையாட்டில் வலைக்கு மேலால் பாய்ந்த பிள்ளைகளுக்கு யார் வீட்டுப் பிள்ளை என்று பாராமல் குட்டு விழும். ஜெசிதாவும் அந்தக் குட்டு வாங்கி வளர்ந்தவள்தான்.

லூர்த்தம்மா ஒரு பிழையும் நினைக்கவில்லை. கோயில் பெருநாளுக்குப் பந்தல் போடும்போது கம்பத்துக்குக் கம்பம் வலையைத் தூக்கிக் கட்டி, அதில் காகிதப் பூக்களைச் செருகுவோம். கீழே நின்று பார்த்தால் ஒரு பச்சை வானம். வலையை அலங்காரத்துக்குக் கேட்டால் எங்களுக்கு வருகிற நினைப்பு அதுதான். மகளைக் கூட்டிக்கொண்டு வீடுவீடாகப் போனாள். எந்த வீட்டுப் படலையிலும் ஒரே கதைதான்: பிள்ளை ஐஸ்வாடியில் ஒரு அலங்காரம் செய்கிறாள், தூக்கித்தான் கட்டுவினம், கவனமாகத் திருப்பித் தருவோம். எங்கள் வீட்டிலிருந்தும் ஒரு துண்டு போனது.

அருமைநாயகி வீட்டில்தான் லூர்த்தம்மா தயங்கினாள். அருமைநாயகியின் மகன் றெஜி கடலுக்குப் போய்த் திரும்பி வராதவன். அன்றைக்கு வேறு வலை கொண்டுபோனதால் அவனுடைய பச்சை வலை வீட்டில் தங்கிவிட்டது. அன்றிலிருந்து அது அறையின் கூரை வளையில் தொங்குகிறது. ஒருமுறை அது கிழிந்தபோது பச்சை நூல் முடிந்துபோக, செம்மஞ்சள் நூலால் பொத்தியிருந்தான். பெடியள் பூப்போட்ட வலை என்று பகிடி பண்ண, மீனுக்கு நிறம் தெரியுமோ என்று கேட்டவன். அந்தச் செம்மஞ்சள் பொத்தல், உள்ளங்கை அளவு, இன்னும் அதில் இருக்கிறது.

"தூக்கித்தான் கட்டுறது அருமைக்கா. நான் பொறுப்பு," என்றாள் லூர்த்தம்மா.

அருமைநாயகி கதிரையில் ஏறித் தானே அவிழ்த்தாள். வளையிலேயே கிடந்து என்னத்தைக் கண்டது, அவனுடைய வலையையும் நாலு பேர் அண்ணாந்து பார்க்கட்டும் என்றாள். ஜெசிதா இரண்டு கையாலும் வாங்கினாள். தாய் சொன்னதும் அவள் காதில் விழுந்தது, அருமைநாயகி சொன்னதும் விழுந்தது. அவள் வாய் திறக்கவில்லை. பிள்ளைக்கு மனம் இளகிவிட்டது என்று லூர்த்தம்மா நினைத்தாள்.

வேலை நடந்த நாட்களில் ஐஸ்வாடி வாசலைத் தகரத்தால் மறைத்துவிட்டார்கள். மருதனார்மடத்திலிருந்து ஜெசிதாவோடு படித்த லவீனா ஸ்கூட்டியில் வந்து கூட நின்றாள். லூர்த்தம்மா மத்தியானம் சோற்றுப் பார்சல் கொண்டுபோவாள். முடிந்தபிறகு பாருங்கோ அம்மா என்று வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். வாசலுக்கு இரும்புக் கேற்றைத் தூக்கி நிறுத்த ஆள் பலம் வேண்டுமென்று தொடக்கத்தில் ஒருநாள் பிலிப்பை மட்டும் கூப்பிட்டார்கள். அப்போது நிலம் வெறும் சீமெந்துதான். பச்சை வாங்குகள் சுவரோடு சாத்தியிருந்தன. வாசல் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் ஒன்றும் இல்லை.

"எழுத மறந்திட்டியோ பிள்ளை?"

"இல்லை அப்பா. இந்தப் பூங்காவிலை ஒரு தடையும் இல்லை. அதைத்தான் அந்தப் பலகை சொல்லுது."

"எழுதாமல் விட்டால், தடையில்லை எண்டு தெரியுமோ, எழுத ஆளில்லை எண்டு தெரியுமோ?"

லவீனா விழுந்து விழுந்து சிரித்தாள். பிலிப்பு வீட்டுக்கு வந்து, பூங்காவில் இதுவரைக்கும் ஒரு கேற்றும் ஒரு வெறும் பலகையும் இருக்கிறது, சுவாமி வந்தால் ஆசீர்வதிக்க இடமில்லை என்றார்.

திறப்பன்று காலையிலேயே லூர்த்தம்மா கூழுக்கு அடுக்குப் பண்ணிவிட்டாள். ஒடியல் மாவைக் கரைத்து, நண்டும் இறாலும் திருக்கைத் துண்டும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டு, பெரிய கிடாரம் நிறையக் காய்ச்சினாள். வருகிறவர்கள் கொழும்பாட்கள், உறைப்பைக் குறை என்று மகள் சொல்லியிருந்தாள். ஒரு பிடி மிளகாயை மனமில்லாமல்தான் எடுத்து வைத்தாள். பின்னேரம் ஐஸ்வாடி மதிலோடு நிழலில் கிடாரத்தை இறக்கி, கூழ் குடிக்கிற பனையோலைப் பிளாக்களை அடுக்கி வைத்துவிட்டு, பெருநாளுக்குக் கட்டுகிற நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஒழுங்கைச் சனமெல்லாம் பூசைக்குப் போகிற உடுப்பில் வந்தது. அருமைநாயகியும் தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்து வாரிக்கொண்டு வந்து லூர்த்தம்மாவுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

வான்களில் விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள். தகரத்தை எடுத்தார்கள். ஜெசிதா வெள்ளைச் சட்டையோடு மைக்கின் முன்னால் நின்று, தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசத் தொடங்கினாள்.

அவள் தாயின் கடகத்தைப் பற்றித்தான் பேசினாள். ஒரு பூங்காவின் வேலிக்கு வெளியில், தலையில் மீனோடு ஒரு மனுசி நின்ற கதை. உள்ளே இருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தின கதை. விருந்தாளிகள் தலையை ஆட்டிக் கேட்டார்கள். கரையில் நாங்கள் சிரித்துச் சிரித்துக் கேட்ட கதை, மைக்கில் வரும்போது வேறு ஏதோவாகிவிட்டது. லூர்த்தம்மா நீலச் சேலையின் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். தள்ளி நில்லுங்கோ என்று பிள்ளை சொன்னதை மட்டும் ஜெசிதா சொல்லவில்லை.

"இது எல்லாற்றையும் பூங்கா. வாங்கோ," என்று முடித்தாள். கேற் திறந்தது.

உள்ளே சுவருக்குச் சுவர் பச்சை. எங்கள் வலைகளை ஒன்றோடொன்று தைத்து, நிலம் முழுக்க விரித்திருந்தாள். கடற்காற்று சுவர் ஓட்டைகளால் புகுந்து அடிக்கும்போது அது புல் மாதிரியே அசைந்தது. வடிவாகத்தான் இருந்தது, நான் பொய் சொல்ல மாட்டேன். அதற்கு மேல் வாங்குகள், விளக்குக் கம்பங்கள். விருந்தாளிகள் வெறும் பலகையைப் பார்த்து ஒருவருக்கொருவர் ஏதோ மெச்சிக்கொண்டு உள்ளே போனார்கள். சப்பாத்தோடு போனார்கள், செருப்போடு போனார்கள். வாங்குகளில் இருந்து காலுக்கு மேல் கால் போட்டுப் படம் எடுத்தார்கள்.

ஒழுங்கைச் சனம் கேற்றடியில் நின்றுவிட்டது. ஒருவரும் ஒருவருக்கும் நில் என்று சொல்லவில்லை. முன்னுக்கு வந்தவர்கள் நின்றார்கள். பின்னுக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நின்றார்கள். தைத்த வலைகளில் எது தன்னுடையது என்று ஒவ்வொரு கண்ணும் தேடிக்கொண்டிருந்தது.

ஜெசிதா மைக்கிலேயே மறுபடியும் கூப்பிட்டாள். ஆட்கள் அசையவில்லை. கொழும்பிலிருந்து வந்த ஒரு நரைத்த தலை அம்மா கேற்றுக்கு உள்ளே நின்று, வெளியில் நின்ற எங்களைப் படம் எடுத்தார். சனம் வாசலில் நிற்பதும் அந்த வேலையின் ஒரு பகுதி என்று அவர் எடுத்துக்கொண்டதாகப் பிறகு லவீனா சொன்னாள். ஜெசிதா மைக்கை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, தகப்பனுடைய கையைப் பிடித்தாள்.

"அப்பா, நீங்களாவது வாங்கோ."

பிலிப்பு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். எடுத்தும் கால் வைக்கவில்லை. "நான் இதிலை நிக்கிறன் பிள்ளை," என்றார், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு.

அந்த நேரத்தில்தான் உள்ளே ஒரு பெண்ணின் குதி உயர்ந்த சப்பாத்து வலைக் கண்ணியில் மாட்டியது. அவள் சிரித்துக்கொண்டு காலை இழுத்தாள். கண்ணிகள் அறுகிற சத்தம் பெரிய சத்தமில்லை. ஆனால் எங்களுக்குப் பழகின சத்தம். எல்லோரும் திரும்பினோம். அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு வாங்குக் காலுக்குக் கீழே, செம்மஞ்சள் நூல் தெரிந்தது.

அருமைநாயகி கத்தவில்லை. லூர்த்தம்மாவின் பக்கம் முகத்தைத் திருப்பி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"தூக்கித்தான் கட்டுவினம் எண்டெல்லே சொன்னனீ, லூர்து."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். சனம் வழிவிட்டது.

லூர்த்தம்மாவால் அந்த வலையை மிதிக்க முடியாது. அதை அங்கே விட்டுவிட்டு நிற்கவும் முடியாது. செருப்பைக் கழற்றினாள். கேற்றைப் பிடித்துக்கொண்டு முழந்தாளிட்டாள். நேர்த்தி வைத்த சனம் கோயில் வாசலிலிருந்து பீடம்வரைக்கும் போகிற மாதிரி, வலைக்கு மேலால் முழந்தாளில் போகத் தொடங்கினாள். நீலச் சேலை கண்ணிகளில் சிக்கச் சிக்க இழுத்து விடுவித்துக்கொண்டு போனாள். விருந்தாளிகள் விலகி இடம் விட்டார்கள். வாங்கில் இருந்த ஒரு பெரியவர் பதறி எழும்பினார். அவள் வாங்கைத் தோளால் முட்டித் தள்ளி, தைத்திருந்த நூலைப் பல்லால் கடித்துக் கடித்து அறுத்து, றெஜியின் வலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டி மடியில் சேர்த்தாள். கிழிந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டாள், இரத்தம் வருகிற இடத்தைப் பொத்துகிற மாதிரி. பச்சைக்கு நடுவில் வெறும் சீமெந்து தெரிந்தது.

யாரோ ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். நரைத்த தலை அம்மாவின் கண் கலங்கியிருந்தது. அவர்கள் நல்ல மனிதர்கள்தான், பிள்ளைகளே. மனதார இரங்கித்தான் தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவால், வலையை நெஞ்சோடு அணைத்தபடி, லூர்த்தம்மா மறுபடியும் முழந்தாளில் வாசலுக்கு வரவேண்டியிருந்தது.

ஜெசிதா மைக்குக்குக் கிட்டத்தான் நின்றாள். அது வேலையின் பகுதியில்லை, தட்டாதேங்கோ என்று அவள் சொல்லியிருக்கலாம். கையை மைக்குக்குக் கொண்டுபோனதை நான் கண்டேன். திரும்ப எடுத்ததையும் கண்டேன்.

கூழை விருந்தாளிகள் குடித்தார்கள், நன்றாயிருக்கிறது என்றார்கள். ஒழுங்கைச் சனம் ஒருவரும் தொடவில்லை. கிடாரத்தில் பாதிக்கு மேல் ஆடை கட்டிக் கிடந்தது.

அன்று பொழுதுபட்டபோது குசினியில் விளக்குப் போட்டும் அடுப்பு மூட்டவில்லை. லூர்த்தம்மா சுவரோடு சாய்ந்து, உரிந்த முழங்காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். பிலிப்பு தேங்காயெண்ணெய் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அவர்தான் முதலில் கதைத்தார்.

"அந்தப் பலகையிலை ஒண்டாவது எழுதியிருக்கலாம் பிள்ளை."

ஜெசிதா வாசற்படியில் குனிந்தபடி இருந்தாள். செருப்பைக் கழற்றச் சொன்னால் விருந்தாளிகளுக்கு விளங்காது என்று நினைத்தேன், வலை இப்போது கடலுக்குப் போகாத வலைதானே என்று நினைத்தேன் என்று ஏதோ தொடங்கினாள். தாய் கையைக் காட்டி நிற்பாட்டினாள். அவளுக்கு மகளோடு கோபிக்கப் பலமில்லை. அருமைக்கா வீட்டுப் படலையில் நின்று, நான் பொறுப்பு என்று சொன்ன வாய் தன்னுடையது என்பதைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த மனுசி கதிரையில் ஏறி அவிழ்த்ததை நீயும் பார்த்தாய்தானே என்று கேட்டாள்.

"இனி எந்த முகத்தோடை நான் அந்த ஒழுங்கையாலை போறது?"

அடுத்த நாள் லவீனா ஸ்கூட்டியில் வந்து தொலைபேசியைக் காட்டினாள். முழந்தாளில் போகிற லூர்த்தம்மாவின் படம் எல்லா இடமும் போயிருந்தது. கொழும்பிலும் இதைச் செய்யலாமா, அம்மா வருவாவா என்று கேட்டிருந்தார்கள். ஜெசிதா அதைக் கடைசிவரைக்கும் வாசிக்கவில்லை. ஆணி உருவியையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு ஐஸ்வாடிக்குப் போனாள். தகப்பனும் மகளும் வலைகளைப் பிரித்து, கடலில் அலசி, மதிலில் காயப்போட்டு, வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒருவரும் ஏசவில்லை. வாங்கி வைத்தார்கள், தேத்தண்ணி குடிக்கிறியோ என்று கேட்டார்கள். ஏசியிருந்தால் அவளுக்குச் சுகமாயிருந்திருக்கும்.

றெஜியின் வலை மட்டும் மிஞ்சியது. லூர்த்தம்மா பூசைக்குப் போகவில்லை, கரைக்கும் போகவில்லை. மீன் வந்து கரையில் ஏல மணியடித்தபோதும் எழும்பவில்லை. சோற்றைப் போட்டுக் கொடுத்தால் பிசைந்துவிட்டு வைத்துவிடுவாள். வலையைக் கொண்டுபோய்க் கொடுப்போம் வாங்கோ என்று மகள் கேட்டதற்கு, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜெசிதா தனியாகவே போனாள்.

அருமைநாயகி முற்றத்தில் குந்தியிருந்து கருவாட்டுக்குப் பாரை கீறிக்கொண்டிருந்தாள். காற்று அடித்துக்கொண்டிருந்தது. படலை திறந்துதான் கிடந்தது. ஜெசிதா செருப்பை வெளியில் கழற்றிவிட்டு, தோளில் வலையோடு வாசலில் நின்றாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. கத்தி போய்க்கொண்டே இருந்தது. அருமைநாயகி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"உதிலை வைச்சிட்டுப் போ."

ஜெசிதா கீழே பார்த்தாள். மணல், மீன் செதில், கோழிக் கால் தடம். சுற்றிப் பார்த்தாள். தோளிலிருந்து வலையை இறக்கவில்லை.

"சாக்கொண்டும் இல்லை மாமி. வெறும் நிலத்திலை வைக்கேலாது."

கத்தி நின்றது. அருமைநாயகி அப்போதுதான் நிமிர்ந்து அவளுடைய முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப தெரியும் உனக்கு."

ஜெசிதாவால் வேறு பக்கம் பார்க்க முடியவில்லை.

"ஓம் மாமி. தெரியும்."

"கொம்மா தூக்கித்தான் கட்டுறது எண்டு எனக்குச் சொல்லேக்கையும் தெரியும்."

"ஓம்."

அருமைநாயகி மறுபடியும் குனிந்தாள். கிடந்த மீன் முழுவதையும் கீறி, குடல் எடுத்து, உப்புப் போட்டு முடிக்கும்வரைக்கும் நிமிரவில்லை. சுருட்டின வலை நல்ல பாரம். ஜெசிதா தோளை மாற்றாமல் நின்றாள். ஒழுங்கையால் போன சனம் பார்த்துக்கொண்டு போனது. போனவர்களில் நானும் ஒருத்தி; நானும் நிற்காமல்தான் போனேன்.

மீன் முடிந்தது. அருமைநாயகி கிணற்றடிக்குப் போய்ச் சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவினாள். மணந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினாள். சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு கையையும் நீட்டி வலையை வாங்கினாள். செம்மஞ்சள் நூலைத் தேடித் தடவினாள். அதற்குப் பக்கத்தில் புதுக் கிழிசல். அதையும் தடவினாள். உள்ளே கொண்டுபோனாள். கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது.

ஜெசிதா போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் படலையிலேயே நின்றாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கொம்மா சாப்பிட்டவளோ?"

"இல்லை மாமி. அண்டைக்குத் தொடக்கம் சாப்பிடேல்லை."

அருமைநாயகி வெளியே வந்தாள். உப்புப் போடாமல் ஒரு கரையில் எடுத்து வைத்திருந்த பாரைத் துண்டுகளைச் சட்டியோடு தூக்கி அவள் கையில் கொடுத்தாள்.

"புளி கூடப் போட்டு வை, அவளுக்கு அப்பிடித்தான் விருப்பம். பின்னேரம் நான் வாறனெண்டு சொல்லு. படலையைப் பூட்டி வைச்சுக்கொண்டு கிடக்க வேண்டாமெண்டும் சொல்லு."

ஜெசிதா சட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அருமைநாயகி அதற்கு நிற்கவில்லை. மீன் கீறின பலகையைக் கழுவுவதற்குக் குனிந்துவிட்டாள்.

"கொம்மாவுக்குத்தான் தாறன்," என்றாள். "நீ உன்ரை செருப்பை எடுத்துக்கொண்டு போ."